ரத்த வகையைப் படித்த காபிக் கொட்டை

தாண்டிக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்க மலைக் காபிக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டுன்னு சொல்றாங்களே, நிஜமா?" நிஜம்தான். ஆனால் குடிப்பதால் வருகிற சம்பந்தம் அல்ல.

சிவப்பணுவின் மேல் குட்டிக் குட்டியாகச் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓ வகைச் சங்கிலியின் நுனியில் ஒரு காலக்டோஸ் கூடுதலாக ஒட்டினால் அது பி வகை. நுனியில் இருப்பது எந்தச் சர்க்கரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலக்டோஸ், மேனோஸ், குளுக்கோஸ் என்ற மூன்று சர்க்கரைகளுக்கும் மூலக்கூறு எடை ஒன்றே. நிறுத்துப் பார்த்தால் தெரியாது. அங்கேதான் நொதி வருகிறது. கொடைக்கானல் குளிருக்கு அம்மா பின்னிய ஸ்வெட்டரைப் பிரிக்கும்போது, முடித்த முனையிலிருந்துதான் நூல் உருவி வரும். நடுவில் இழுத்தால் சிக்கும். இந்த நொதிகளும் அப்படி நுனியிலிருந்தே பிரிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்க்கரை, ஒரு வகை இணைப்பு மட்டுமே தெரியும். எது வெட்டியது என்று பார்த்தால் நுனியில் இருந்தது எது என்று தெரிந்துவிடும்.

பச்சைக் காபிக் கொட்டையில் இருப்பது ஆல்ஃபா காலக்டோசிடேஸ். கொட்டை கல்லாகக் கெட்டிப்பட்டிருப்பதற்குக் காரணம் அதிலுள்ள மேனோஸ் சங்கிலிகள். அவற்றின் பக்கவாட்டில் காலக்டோஸ் தொங்கும். முளைவிடும் விதை அந்தச் சேமிப்பைத் தின்ன வேண்டும்; காலக்டோஸைக் கழற்றித் தருவது இந்த நொதி. மனித ரத்தத்தைக் காபிச்செடி கண்டதே இல்லை. ஆனாலும் பி வகையின் நுனிக் காலக்டோஸும் அதே ஆல்ஃபா இணைப்பில்தான் ஒட்டியிருக்கிறது! எனக்கு அலுக்காத அதிசயம் இது.

1962-ல் வாட்கின்ஸ், ஜார்னிட்ஸ், கபாட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பி ரத்த வகைப் பொருளில் இந்த நொதியைச் சேர்த்தபோது, ஓ வகைக்குரிய எச் தன்மை வெளிப்பட்டது. 1982-ல் நியூயார்க் ரத்த மையத்தில் கோல்ட்ஸ்டீன் குழுவினர் ஒரு படி மேலே போய், பி அணுக்களை ஓ ஆக்கி மனிதர்களுக்கே ஏற்றினார்கள். அவை மற்ற அணுக்களைப் போலவே வாழ்ந்தன. நொதி ஏராளமாகத் தேவைப்பட்டதால், அன்று அது ரத்த வங்கிகளின் அன்றாட வழக்கமாகவில்லை.

ஆய்வுக்கூடங்களுக்கு இந்த நொதி குப்பியில் விலைக்கு வருகிறது. பண்ணைக்காட்டிலும் ஆடலூரிலும் களத்தில் காயும் கொட்டைக்கோ, வறுத்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறோம். வறுத்தால் நொதி செத்துவிடும். விலை போகாத உடைசலையாவது திண்டுக்கல், மதுரைக் கல்லூரிகள் வாங்கிச் செய்முறைப் பாடமாக்கலாம். பச்சைக் கொட்டையை அரைத்து, குளிர்ந்த உப்புக்கரைசலில் ஊறவைத்து வடிகட்டி, பாரா நைட்ரோஃபீனைல் ஆல்ஃபா காலக்டோசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். சற்று நேரம் கழித்துச் சோடியம் கார்பனேட் விட்டதும், நொதி வெட்டியதன் அடையாளமாகக் குழாய் மஞ்சளாகும். ரத்தமே தேவையில்லை.