அணு உலையை ஆள்வது தண்ணீர், தெரியுமா?

கூடங்குளத்து அணு உலை ஒன்று ஓராண்டு முழுக்க நிற்காமல் முழுத் திறனில் ஓடினால், எவ்வளவு பொருள் ஆற்றலாக மாறுகிறது தெரியுமா? ஏறக்குறைய ஒரே ஒரு கிலோ! சாம்பலானதோ புகையானதோ அல்ல, பொருளே வெப்பமாகிப் போன கணக்கு இது. அந்த ஒரு கிலோதான் இரவு பகலாக 3000 மெகாவாட் வெப்பத்தைத் தருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு, 1000 மெகாவாட், மின்சாரமாகிறது. மீதியைக் கடல் வாங்கிக்கொள்கிறது.

உலைக்குள் ஓடும் தண்ணீர் 300 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை, தெரியுமா? வளிமண்டலத்தைப் போல 150 மடங்குக்கும் மேலான அழுத்தம் அதைக் கொதிக்க விடாது! அந்தச் சூடு குழாய்ச் சுவர் வழியாக வேறு தண்ணீருக்குப் போய், அதுதான் நீராவியாகி, டர்பைனை விநாடிக்கு 50 முறை சுழற்றுகிறது.

தண்ணீருக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதுதான் என்னை மலைக்க வைப்பது. யுரேனிய அணு பிளக்கும்போது சிதறும் நியூட்ரானின் வேகம் விநாடிக்கு சுமார் 20,000 கிலோமீட்டர்! இந்த வேகத்தில் பாய்ந்தால் அடுத்த யுரேனியத்தில் எளிதில் சிக்காது. தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களில் மோதி மோதி, விநாடிக்குச் சில கிலோமீட்டர் என்று வேகம் தணிந்த பிறகே அடுத்த அணுவைப் பிளக்கிறது. தண்ணீர் போனால் தொடர்வினையும் நின்றுவிடும்.

அதைவிட வியப்பு: பிறக்கும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறேழு மட்டும் தாமதமாக வருகின்றன! மற்றவை பிளந்த கணத்திலேயே வந்துவிட, இவை பிளவுத் துண்டுகளிலிருந்து சில விநாடிகள், சில சமயம் ஒரு நிமிடம்கூடக் கழித்து வெளிப்படுகின்றன. இந்தச் சோம்பேறிகள் இல்லாவிட்டால் உலையின் திறன் கண்ணிமைக்கும் நேரத்தில் பல மடங்காகிவிடும், எந்தக் கட்டுப்பாட்டுத் தண்டாலும் பிடித்து நிறுத்த முடியாது. அணு மின்சாரம் முழுவதும் இந்த ஆறேழின் தயவில்தான் நிற்கிறது!

தொடர்வினையை நிறுத்தினாலும் உலை ஆறாது. நிறுத்திய நொடியில்கூட முழு வெப்பத்தில் ஆறேழு சதவீதம் சுரந்துகொண்டே இருக்கும். 2011-இல் ஃபுகுஷிமாவில் உலைகளை உருக்கியது இந்த மிச்சச் சூடுதான்.

சரி, பூமியின் முதல் அணு உலையைக் கட்டியது யார்? யாருமே இல்லை! 1972-இல் பிரான்சில், ஆப்பிரிக்க நாடான காபோனின் ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தைச் சோதித்தார்கள். 0.720 சதவீதம் இருக்க வேண்டிய யுரேனியம்-235, 0.717 சதவீதம்தான் இருந்தது. அந்தத் துளி வித்தியாசத்தைத் துரத்திப் போனால், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தொடர்வினை நடந்திருக்கிறது! இப்படி நடந்திருக்கலாம் என்று வேதியியலாளர் பால் குரோடா 1956-லேயே கணித்திருந்தார்.

அங்கும் தண்ணீரேதான். நிலத்தடி நீர் பாறைக்குள் ஊறியதும் வினை தொடங்கும். சூட்டில் நீர் ஆவியானதும் நிற்கும். ஆறியதும் நீர் திரும்பும், மறுபடி தொடங்கும். அரை மணி நேரம் ஓட்டம், இரண்டரை மணி நேரம் ஓய்வு என்று பாறையில் சிறைப்பட்ட செனான் வாயுவைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். பல லட்சம் ஆண்டுகள் இப்படியே! அதில் உருவான புளூட்டோனியம் ஏறக்குறையப் பிறந்த இடத்திலேயே கிடந்து சிதைந்தது. அதனால்தான் அணுக்கழிவைப் பாறைக்கடியில் புதைக்க ஆராய்கிறவர்கள் இன்றும் ஓக்லோவை விடாமல் துருவுகிறார்கள்.