சின்னக் கடையில் ஒரு சேலை

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முன்கட்டில் நடக்கும் கைத்தறிக் கடைக்கு அத்தையோடு போயிருந்தேன். கடை என்றால் இரண்டு மர அலமாரி, தரையில் ஒரு பாய், அவ்வளவுதான். அரக்கில் மஞ்சள் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை ஒன்றை அத்தை கையில் எடுத்தார். கடைக்கார அம்மாள் உடனே தன் கைக்குட்டையின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, சேலையின் கரையில் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். கைக்குட்டையில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது.

“முதல் ரெண்டு தண்ணிக்கு இந்த அரக்கு கொஞ்சம் விடும் ஆச்சி. தனியா அலசுங்க, நிழல்ல காயப் போடுங்க. அதுக்கப்புறம் நின்னுரும்” என்றார். அவர் சொன்னபடியே நின்றது. அந்தச் சேலையை அத்தை இன்றும் கட்டுகிறார்.

சின்னக் கடையில் துணி எடுப்பதன் சுகம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கே ஒவ்வொரு துணிக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார். எந்த ஊர்த் தறி, என்ன நூல், எப்படித் துவைப்பது என்று கேட்டால் தெரிந்து சொல்கிறார். தெரிந்து வாங்கிய துணியை உடுத்துவதில் ஒரு தனி நிறைவு உண்டு. அந்த நிறைவை எப்படிப் பெறுவது என்று, கைத்தறிச் சேலையை வைத்தே இங்கே சொல்கிறேன்.

ஒரு பாவில் எத்தனை சேலை?

சேலையில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. நெசவாளர் முதலில் பாவைத் தறியில் ஏற்றிக்கொண்டு, பிறகு ஊடையை நாடாவால் குறுக்கே ஓட்டி நெய்கிறார். காஞ்சிபுரம் பட்டில் ஒரு பாவுக்குப் பெரும்பாலும் மூன்று சேலைதான் வரும். அந்த மூன்றிலும் ஊடையின் நிறத்தையோ முந்தானையையோ மாற்றிவிட்டால் மூன்றும் மூன்று விதமாக அமையும்.

ஒரே நிறத்தில், ஒரே கரையில் நூறு சேலை வேண்டும் என்று கேட்கும் பெரிய கடைக்கு இது தோதுப்படாது. பத்து தறிக்காரர்களிடம் இரண்டும் மூன்றுமாக வாங்கி அடுக்கும் சின்னக் கடைக்கு நன்றாகவே ஒத்துவரும். அங்கே ஒரு சேலை பிடித்துப்போய், “இதிலேயே வேறு கலர் இருக்கா?” என்று கேட்டால் பல நேரம் “இது ஒண்ணுதான்மா வந்தது” என்ற பதில்தான் கிடைக்கும். தறியின் கணக்கு அப்படி. அதனால்தான் நீங்கள் வாங்கிய சேலையை அடுத்த கல்யாணத்தில் இன்னொருவர் மேல் பார்ப்பது அரிது.

உழைப்பு எங்கே தெரியும்?

காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக, இரண்டும் நூலோடு நூல் பின்னிச் சேர்ந்திருந்தால் அது கோர்வை. இதற்கு மூன்று நாடா வேண்டும். நடு உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. வழக்கமான கோர்வைத் தறியில் ஒரு பக்கக் கரைக்கு நாடா போட உதவியாள் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். இரண்டு பேர் உழைப்பு என்பதால்தான் விலையும் கூடுகிறது. நல்ல கடைக்காரர் சேலையை மறுபக்கம் திருப்பி, உடலும் கரையும் சேரும் கோட்டைக் காட்டுவார். விரலால் தடவிப் பாருங்கள். நூல் கோத்து வாங்கும் அந்த இடம் லேசாக மேடுதட்டியிருக்கும்.

மதுரைச் சுங்குடிக்கு வேறு கணக்கு. மதுரையில் வாழும் சௌராஷ்டிர மக்கள் வளர்த்த கலை அது. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாததால், அவிழ்த்ததும் அந்த இடம் புள்ளியாக நிற்கும். கையால் கட்டியது என்பதால் ஒரு புள்ளி போல இன்னொரு புள்ளி இருக்காது. அச்சுச் சுங்குடியில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போடச் சொன்னால் குழந்தைகூட வித்தியாசத்தைச் சொல்லிவிடும். அப்படி விரித்துப் போட்டுக் காட்ட நேரமும் மனசும் இருப்பது சின்னக் கடையில்தான்.

கையால் பார்த்துக் கற்றுக்கொள்ள நான்கு

ஒன்று, ஓரம். கைத்தறியில் துணி சுருங்காமல் இருக்க இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடிக்கும் முள்குச்சி வைப்பார்கள். அதன் தடமாகச் சிறு ஊசித் துளைகள் ஓரத்தில் ஆங்காங்கே தெரியும். அவற்றைக் குறை என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

இரண்டு, ஜரிகை. அசல் ஜரிகையில் நடுவே பட்டு நூல், அதன் மேல் வெள்ளிக் கம்பிச் சுற்று, அதற்கும் மேல் தங்க முலாம். உள்ளே இருக்கும் பட்டு நூல் பொதுவாகச் சிவப்பு. முந்தானை நுனியில் தொங்கும் இழை ஒன்றை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கலாம். வெள்ளைப் பாலியஸ்டர் இழை தெரிந்தால் அது அசல் ஜரிகை ஆகாது. விலை குறைந்த ஜரிகையில் தவறில்லை. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

மூன்று, பட்டு. ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வர வேண்டும், சாம்பல் விரலில் தேய்த்ததும் பொடியாக வேண்டும். செயற்கை இழையானால் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகிவிடும். கடைக்காரரிடம் கேட்டு, அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.

நான்கு, பருத்தி. “இது எத்தனையாம் நம்பர் நூல்?” என்று கேளுங்கள். எண் ஏற ஏற நூல் மெலிதாகும். 100-ஆம் நம்பர் மெல்லிய சேலை வெயிலுக்கு இதமாக இருக்கும். தடித்த நூலில் நெய்த கண்டாங்கி முதலில் கனமாகத் தெரிந்தாலும் துவைக்கத் துவைக்க இளகி உடம்போடு படியும்.

முத்திரைகள் எதைச் சொல்கின்றன?

சில்க் மார்க் 2004-இல் வந்தது. அது சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும் உறுதி தரும். கையால் நெய்ததா, ஜரிகை அசலா என்பதை அது சொல்லாது. கையால் நெய்தது என்பதற்கு 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனியாக இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டும் மதுரைச் சுங்குடியும் புவிசார் குறியீடு பெற்றவை. கண்டாங்கிக்கு அது 2019-இல் கிடைத்தது. இந்தக் குறியீடு ஊரையும் முறையையும் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது.

பல சின்னக் கடைகளில் இந்த முத்திரைகள் எல்லாம் இருக்காது. அப்போது பில்லில் ‘சுத்தப் பட்டு’, ‘கைத்தறி’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்க மாட்டார்.

தைத்துத் தரும் பொட்டிக்

சேலைக்கு ரவிக்கை தைக்கப் போகும் இடமும் ஒரு சின்னக் கடைதான். நம் ஊர்களில் ‘பொட்டிக்’ என்றால் பெரும்பாலும் ஒரு பெண் தன் வீட்டு மாடியிலோ சின்ன அறையிலோ நடத்தும் துணியும் தையலும் சேர்ந்த கடைதான். அங்கே பெரிய சொத்து அளவு நோட்டு. ஒருமுறை எடுத்த தோள், கை, மார்பு, கழுத்து அளவெல்லாம் உங்கள் பெயருக்கு நேரே அதில் இருக்கும். “போன தடவை கை இறுக்கமா இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, இந்தத் தடவை அரை இஞ்ச் விட்டிருக்கேன்” என்று அவராகவே சொல்வார். ரவிக்கையின் உள்பக்கம் தையலுக்கு அப்பால் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைத்திருக்கிறாரா என்று பாருங்கள். உடம்பு கொஞ்சம் மாறினாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். உடம்பை உடைக்கு ஏற்ப வருத்தாமல், உடையை உடம்புக்கு ஏற்பத் தைத்துக்கொள்வது எத்தனை நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

எச்சரிக்கையும் வேண்டும்

சின்னக் கடை என்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்கள் எங்கும் உண்டு. கேள்வி கேட்டால் எரிச்சல்படுகிற கடை, பில் தர மறுக்கிற கடை, “எல்லாமே ஹேண்ட்லூம்தான்” என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிற கடை, இவற்றில் பணம் போட வேண்டாம். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரம் பேசுவது நம் வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் கைத்தறிச் சேலையின் விலையில் நூலும் சாயமும் போக மீதியில்தான் நெசவாளரின் கூலி இருக்கிறது. அதை அடித்துக் குறைத்தால் கடைசியில் அடி விழுவது தறியின் மேல். கட்டுபடியாகாவிட்டால் விலை குறைந்த வேறு சேலையைக் காட்டச் சொல்லுங்கள், அது இரண்டு பேருக்கும் மரியாதை.

வருகிற தீபாவளிக்குப் பெரிய கடைக்குத் தாராளமாகப் போங்கள். அதற்கு முன், கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில் உங்கள் ஊர்ச் சின்னக் கடை ஒன்றில் ஏறி உட்காருங்கள். “இது எந்த ஊர்த் தறி? எப்படித் துவைக்கணும்?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடை கிடைத்துவிட்டால் அதை விட்டுவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு சேலையாவது அங்கே எடுங்கள். அந்தக் கடை பிழைத்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் தறிகளும் ஓடும்.