பாறசாலைப் பட்டாளக்காரர்களும் பதினைந்து வருஷக் கணக்கும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் 'பட்டாளத்தார் வீடு' என்றே பெயர் விழுந்துபோன வீடுகள் பல உண்டு. அவற்றில் சில வீடுகளுக்கு ஒரு காசு பென்ஷன்கூட வந்ததில்லை. உலகப் போருக்குப் போய்வந்தவருக்கு ஏன் பென்ஷன் இல்லை என்று வெளியூரில் வளர்ந்த நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த விடையே இக்கட்டுரை. நான் ஆரணிப் பக்கத்துக்காரன். இங்கே அரிசி வியாபாரம் செய்து பிழைக்கிறேன். பட்டாளக் கதையையும் அரிசியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்றைய திருவிதாங்கூரில் விளைந்த நெல் ஊருக்குப் போதாது. பர்மா அரிசிதான் கைகொடுத்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போனதும் அந்த அரிசி நின்றுபோயிற்று. ரேஷன் வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய மரச்சீனிதான் ஏழைகளின் உயிரைக் காத்தது. கொஞ்சம் வயல், கொஞ்சம் விளை, வீடு நிறையப் பிள்ளைகள் என்றிருந்த குடும்பத்தில் ஒருவன் பட்டாளத்துக்குப் போனால் சாப்பாட்டில் ஓர் ஆள் குறையும், மாசாமாசம் மணியார்டரும் வரும்.

அதுவரை 'போர்க்குலம்' என்று சில சாதியாரையே தேடிச் சேர்த்த வெள்ளைக்கார சர்க்கார், ஆள் தேவைப்பட்டதும் அந்தக் கணக்கைத் தளர்த்தியது. 1939இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் 1945இல் சுமார் 25 லட்சமாயிற்று. கட்டாய ஆள்சேர்ப்பு என்று சட்டம் எதுவும் இல்லை. வயிறு கட்டாயப்படுத்தியது என்றால் அது வேறு விஷயம். முன்பு கலைக்கப்பட்டிருந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி உருவாயிற்று. அதன் பயிற்சி மையம் 1942இல் கோவை மதுக்கரையில் அமைந்து, 1947இல் வெலிங்டனுக்கு மாறியது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பழகிய பையன்கள் அங்கே ஆங்கில எழுத்தில் எழுதிய உருது படித்தார்கள். ஏர் பிடித்த கை துப்பாக்கி பிடித்தது.

போர் முடிந்ததும் ஓரிரு வருஷத்தில் லட்சக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிக்கல் இங்கேதான். சாதாரண சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 வருஷ சேவை வேண்டும். போர்க்காலத்தில் சேர்ந்தவர்களில் பலருக்கு நாலைந்து வருஷமே ஆகியிருந்தது. காயம்பட்டு ஊனமானவர்களுக்குத் தனி விதி உண்டு. மற்றவர்கள் கொஞ்சம் ரொக்கத்தோடு திரும்பி, மறுபடி விளையில் மண்வெட்டி பிடித்தார்கள். சென்னை மாகாண சர்க்கார் வயநாட்டில் அம்பலவயல், சுல்தான் பத்தேரிப் பக்கம் முன்னாள் வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. அப்படி நிலம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களுக்கு 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் பென்ஷன் திட்டத்தில் இடம் கிடைத்தது. அது அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான். ஆனால் எதிர்வரிசையில் நின்று, பிழைப்புக்காகச் சண்டை போட்டுத் திரும்பிய விவசாயி மகன் எந்தக் கணக்கிலும் வரவில்லை. என் கடைக்கு வந்த ஒரு பெரியவர், பர்மா நட்சத்திரப் பதக்கம் பெற்றவர், அதைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேசமாட்டார். அரிசியை மட்டும் கையில் அள்ளி ரொம்ப நேரம் பார்ப்பார்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அண்ணன் 'முன்னாள் படைவீரர்', இந்தப் பக்கம் தம்பி 'விமுக்த படன்'. பென்ஷன் இல்லாத அந்தப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் இரண்டு மாநிலங்களும் பிற்பாடு மாத உதவித்தொகை கொடுக்க முன்வந்தன. ஆனால் அந்தந்த மாநிலத்தவர் என்று காட்ட வேண்டும், படைச்சேவைக்கும் அத்தாட்சி வேண்டும். அந்த அத்தாட்சி டிஸ்சார்ஜ் புத்தகம்தான். படை எண், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, பதக்கம் எல்லாம் அதில் இருக்கும். பட்டாளத்துக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ரேஷன் கார்டுப் பெயரோடு ஒத்துவராமல் அலைந்தவர்கள் உண்டு. புத்தகம் செல்லரித்துப்போய் ஒன்றும் கிடைக்காதவர்களும் உண்டு.

அந்தப் போர்க்காரர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் நூறு வயதை ஒட்டியவர்கள்தான். விதவைகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆகவே இந்த மலரைப் படிக்கும் அன்பர்கள் ஊருக்குப் போகும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டி இருந்தால் அந்தப் புத்தகத்தோடு ஜில்லா சைனிக நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பாட்டியும் காலமாகிவிட்டால் அதை ஒரு நகலாவது எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பதினைந்து வருஷக் கணக்கில் விடுபட்டவர் நம் வீட்டுக் கணக்கிலும் விடுபட்டுப் போகக் கூடாது.