ஒரு கேமராவில் சிவப்பு, இன்னொன்றில் ஆரஞ்சு! கல்யாண லைவ் வீடியோவில் கலர் மாறுவது ஏன்?

மண்டபத்தில் 3 கேமரா ஓடுகிறது. ஒன்றில் முகூர்த்தப் பட்டு சிவப்பாக தெரிகிறது. அடுத்ததில் அதே புடவை ஆரஞ்சு. மூன்றாவதில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி நீலம் பாய்ந்து கிடக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் செல்போனில் லைவ் பார்த்துக் கொண்டிருக்கிறார். தாலி கட்டுவதற்கு ‘ஒன்ஸ்மோர்’ கிடையாது. ‘எடிட்டிங்கில் பாத்துக்கலாம்’ என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இப்படி ஆவது ஏன்? அதன் விவரம் வருமாறு:-

வெளிச்சம்தான் காரணம்

ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு நிறம் உண்டு. அதை கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். ஷூட்டிங்கில் பயன்படும் மஞ்சள் ஹாலஜன் லைட் சுமார் 3200. பகல் வெயில் சுமார் 5600. கேமராவை 3200-ல் வைத்து வெயிலில் எடுத்தால் படம் நீலமாகும். 5600-ல் வைத்து மஞ்சள் லைட்டில் எடுத்தால் ஆரஞ்சாகும்.

‘ஆட்டோ’வில் விட்டாலும் ஆபத்துதான். சிவப்புப் புடவை குளோசப்பில் வந்ததும், ‘வெளிச்சமே சிவப்பு’ என்று கேமரா ஏமாந்து கலரை மாற்றிவிடும்.

இதற்கு வழி சுலபம். மணமக்கள் உட்காரும் இடத்தில், அதே லைட்டில், ஒரு வெள்ளை அட்டையைக் காட்டி எல்லா கேமராவையும் கையால் செட் செய்ய வேண்டும்.

‘லட்’ என்றால் என்ன?

இப்போதைய கேமராக்களில் ‘லாக்’ என்ற முறை இருக்கிறது. இதில் எடுத்த படம் பால் கலந்த மாதிரி வெளிறித் தெரியும். ஆனால் வெளிச்சமும் நிழலும் அதிகம் தங்கும். இதற்கு கலர் ஏற்றுவதுதான் ‘லட்’ என்னும் பைல். உள்ளே வருகிற நிறம் எந்த நிறமாக வெளியே போக வேண்டும் என்ற கணக்குப் பட்டியல் அது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 33 படி என்றால் மொத்தம் 35,937 நிறப் புள்ளி. கேமராவுக்கும் மிக்சருக்கும் நடுவில் ஒரு சின்ன பெட்டி இந்த வேலையை அப்போதைக்கப்போதே முடித்துவிடும்.

லைவுக்கும் எல்.இ.டி. திரைக்கும் கலர் ஏற்றி அனுப்பிவிட்டு, கேமரா கார்டில் ‘லாக்’ படத்தை அப்படியே பதிவு செய்வது நல்லது. பிறகு ஆல்பம் வீடியோவுக்கு வேறு கலர் வேண்டுமென்றால் மாற்றலாம். கார்டிலும் கலரை ஏற்றிப் பதிந்துவிட்டால் பழையபடி கொண்டுவருவது கஷ்டம்.

வெளுப்பாக்குவது வேறு

கலர் சரிசெய்வது வேறு, மாநிறத்தை வெளுப்பாக்குவது வேறு. ‘பொண்ணு செவப்பா தெரியணும்’ என்று பிரைட்னசை ஏற்றினால் முகத்தில் மஞ்சள் பூச்சு மறையும், ஜரிகை வேலைப்பாடு வெள்ளையாகப் பொங்கிவிடும். கடைசியில் பெற்ற தாய்க்கே மகள் முகம் அடையாளம் தெரியாது.

எந்த ‘லட்’டாலும் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. மேடையில் ஊதா, பச்சை போக்கஸ் லைட் அடித்தால் முகத்தின் இயல்பான நிறம் கேமராவுக்குள் வரவே வராது. முகூர்த்த நேரத்தில் மட்டுமாவது அதை அணைக்கச் சொல்ல வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு வீடியோக்காரரிடம் 2 கேள்வி கேளுங்கள். ‘எல்லா கேமராவும் ஒரே கலரில் வருமா? லைட் போட்டதும் டெஸ்ட் பார்ப்பீங்களா?’ முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் முன்பு இதை முடித்துவிட்டால், துபாய் அண்ணனும் தங்கையை உள்ளபடி பார்ப்பார்.