முதலுக்கே மோசம் வராமல் காக்கும் வடிகட்டி

பெங்களூரு காக்ஸ் டவுனுக்கு அருகில் உள்ள அல்சூர் ஏரியில், 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்ததால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துபோனதே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. கரையில் திருவள்ளுவர் சிலை நிற்கும் அத்துணைப் பெரிய நீர்நிலைக்கே அந்நிலை என்றால், நம் வரவேற்பறையில் 100 லிட்டர் நீருக்குள் வாழும் வண்ணமீன்களின் பாடு என்ன? ஏரிக்காவது மழையும் காற்றும் துணை உண்டு. கண்ணாடித் தொட்டிக்குப் பெருந்துணையாக இருப்பது வடிகட்டியே.

காக்ஸ் டவுனிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் பல வீடுகளில் மீன் தொட்டி உண்டு. தொட்டிக்கும் மீனுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவிடும் நாம், வடிகட்டிக்குள் எதை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கடைக்காரர் அடைத்துக் கொடுத்தபடியே அது ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய தொட்டியில் சில நாள்களிலேயே மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிவதற்குக் காரணம் பல வேளைகளில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மீனின் செவுள் வழியே வெளியேறும் கழிவும், உண்ணாமல் அழுகும் தீனியும் அம்மோனியாவாகின்றன. அது கண்ணுக்குத் தெரியாது. தொட்டி பளிங்குபோல் தெளிந்திருக்கும்போதே மீனைக் கொல்ல வல்லது. இந்த அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. இவ்விரு படிகளையும் செய்யும் நுண்ணுயிர்களை ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து நிறுவினார். புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஆகவே தொடக்கத்தில் ஓரிரு மீன்களோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

இனி, அடுக்கும் முறைக்கு வருவோம். நீர் முதலில் எந்த அடுக்கைத் தொடுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டியின் மேல் அமரும் வடிகட்டியில் நீர் பொதுவாக மேலிருந்து கீழே இறங்கும். கேனிஸ்டர் எனப்படும் மூடிய உருளை வடிகட்டிகள் பலவற்றில் அது கீழிருந்து மேலே ஏறும். திசை மாறினாலும் வரிசை மாறாது.

முதலில் பெரிய துளைகள் கொண்ட ஸ்பாஞ்ச். இது பெருங்கழிவைத் தடுக்கும். அடுத்து மென்மையான ஸ்பாஞ்ச் அல்லது பஞ்சு. நுண்ணிய தூசியைப் பிடிக்கும். மூன்றாவதாகப் பீங்கான் வளையங்கள் அல்லது நுண்துளைக் கற்கள். நுண்ணுயிர்கள் குடியேறும் வீடு இதுவே. தூசி நீங்கிய நீர் வந்தால்தான் அவற்றின் துளைகள் அடைபடாமல் இருக்கும். பஞ்சை முதலில் வைத்தால் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். வளையங்களை முதலில் வைத்தால் அழுக்கு அவற்றை மூடிவிடும். செயலூட்டிய கரி தேவைப்பட்டால் இறுதியில் இடம்பெறலாம். அது நிறத்தையும் வாடையையும் ஈர்க்கும். சில வாரங்களில் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். மீனுக்கு மருந்திடும் நாள்களில் கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மருந்தையும் அது ஈர்த்துக்கொள்ளும்.

பராமரிப்பில் பலர் செய்வது, வடிகட்டி அழுக்காகத் தெரிந்தவுடன் எல்லாவற்றையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுவதாகும். நகரக் குழாய் நீரில் உள்ள குளோரின், நாள்கணக்கில் பெருகிய நுண்ணுயிர்களை அழித்துவிடும். இது முதலையே கரைப்பதற்கு ஒப்பாகும். தொட்டியிலிருந்து நீரை மாற்றும்போது வெளியேற்றும் நீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து அலசினால் போதும். வளையங்களை மாற்ற வேண்டியிருந்தால் ஒரே நாளில் அனைத்தையும் மாற்றாமல், சில வார இடைவெளியில் பகுதி பகுதியாக மாற்றுவது நல்லது.

பெங்களூருவுக்கு ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து வரும் காவிரி நீரும் குளோரின் கலந்தே குழாயில் வருகிறது. அதைத் தொட்டியில் விடுமுன் ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருக்கலாம், அல்லது கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்க்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீராகும். காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நச்சும் கூடுமாதலால், அதை மட்டுமே பயன்படுத்துவோர் தீனியை அளந்து இடுவதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

மின்வெட்டையும் நாம் மறக்கலாகாது. வடிகட்டி நின்றுவிட்டால் உள்ளே தேங்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். நெடுநேரம் நின்ற மூடிய வடிகட்டியை அப்படியே இயக்கினால், அழுகிய நீர் தொட்டிக்குள் பாயும். அதைத் திறந்து, தேங்கிய நீரைக் கொட்டி, தொட்டி நீரில் அலசிய பின்னரே இயக்குதல் வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுக் கருவி ஒன்று கைவசம் இருந்தால் மின்சாரம் வரும்வரை மீன்களுக்கு மூச்சு கிடைக்கும்.

ஒரு மாதத்தில் செலவாகும் நேரம் சிறிதே. ஆனால் அதை முறையாகச் செலவிட வேண்டும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றி, வடிகட்டியின் நீரோட்டம் குறைந்தால் மட்டும் ஸ்பாஞ்சை அலசி, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் காட்டும் சோதனைப் பெட்டியால் அவ்வப்போது பார்த்துக்கொண்டால், மீன்கள் ஆண்டுக்கணக்கில் நம்முடன் வாழும். இத்தனைக்கும் முதலாக இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. அவற்றைக் காத்தால் மற்றவை தாமே வளரும்.