இடமில்லை என்று சொல்லாத கதவு

தெருப் பிள்ளைகளும் அவர்களுக்கான வீடுகளும் – 6

தாமஸ் ஜான் பர்னார்டோ டப்ளினில் பிறந்தவர். சீனாவில் மதப் பணி செய்யும் எண்ணத்தோடு, மருத்துவம் படிக்க 1866-ல் லண்டன் வந்தார். அந்த ஆண்டு கிழக்கு லண்டனில் காலரா ஐயாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் கூரை மேலும் சந்துகளிலும் படுத்துக்கிடந்ததைப் பார்த்தவர், சீனாவுக்குப் போகவே இல்லை. 1870-ல் ஸ்டெப்னி காஸ்வே தெருவில் ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார்.

கடன் வாங்கக் கூடாது, கையிலிருக்கும் காசுக்கு ஏற்பத்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்பது அப்போது அவர் வைத்திருந்த கட்டுப்பாடு. ராத்திரியில் தெருத் தெருவாகத் தேடிப் போவார். எத்தனை படுக்கை காலியோ அத்தனை பேரை அழைத்து வருவார்.

அப்படியோர் இரவில் ஜான் சோமர்ஸ் என்ற 11 வயதுப் பையன் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். செம்பட்டைத் தலை, தெருவில் அவன் பெயர் ‘கேரட்’. இல்லம் நிரம்பியிருந்தது. அடுத்த இடம் உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சில நாளில், சர்க்கரை அடைத்து வரும் பெரிய பீப்பாய் ஒன்றுக்குள் அவன் பிணமாகக் கிடந்தான். பட்டினியும் குளிரும் கொன்றிருந்தன.

அதன் பிறகு, கதியற்ற எந்தப் பிள்ளைக்கும் இங்கே அனுமதி மறுக்கப்படாது என்று இல்லத்து வாசலில் பலகை தொங்கியது. ராத்திரி முழுக்கக் கதவு திறந்தே இருந்தது.

வருகிறவர்களை எல்லாம் சேர்த்தால் செலவுக்கு என்ன வழி? தச்சு, செருப்புத் தைத்தல் என்று பிள்ளைகள் தொழில் கற்றார்கள். ஆனால் இல்லத்தை நடத்தியது நன்கொடைதான். அதைத் திரட்ட, கந்தலோடு ஒரு படம், நல்ல உடுப்போடு ஒரு படம் என்று பிள்ளைகளைப் புகைப்படம் எடுத்து அட்டையாக விற்றார் பர்னார்டோ. சில பிள்ளைகளை, வந்த நாளில் இருந்ததைவிட மோசமான கோலத்தில் நிறுத்திப் படமெடுத்திருந்தார்கள். புகார் கிளம்பி, 1877-ல் நடுவர் விசாரணை வரை போயிற்று. இல்லங்கள் உண்மையான தர்ம ஸ்தாபனங்களே என்று நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். புனைந்தெடுத்த படங்களைக் கண்டித்தார்கள். நிர்வாகத்தைக் கவனிக்க ஒரு குழுவும் வந்தது.

1905-ல் அவர் காலமானபோது 96 இல்லங்களில் 8,500 பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். கதவைத் திறந்து வைத்ததில் பர்னார்டோ செய்தது முழுக்க சரி. சோறு போடுவதற்காகப் பிள்ளையின் கந்தலைக் கடைவிரித்தது தவறு. பசித்து வந்த குழந்தைக்கும் மானம் உண்டு.

இந்தியாவில் 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அங்குள்ள பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடக் கூடாது. நன்கொடை கொடுக்குமுன் பதிவுச் சான்றையும் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிள்ளைகளின் படத்தை மட்டும் கேட்காதீர்கள்.

(தொடரும்)