கம்பம் ஏற வரும் வெளியூர்க்காரர்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் என்பது கடலோரத்துச் சங்கதி, ஏற்காட்டுக்கு அதனால் என்ன வந்துவிடும் என்ற நினைப்பை அடுத்த இரண்டு நாள் மழை மாற்றிவிட்டது. சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்தது, மரங்கள் சாய்ந்தன, சேர்வராயன் மலைக் கிராமங்களில் கரண்டு போனது. அந்த மாதிரி நாட்களில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: கரண்டு எப்ப வரும்? அதைக் கொண்டுவருகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஒரு பகுதியின் ஈபி ஆபீஸில் இருக்கிற லைன்மேன், வயர்மேன், கேங்மேன் எல்லாரும் சேர்ந்தாலும் கொஞ்சம் பேர்தான். ஃபியூஸ் போவது, ஜம்பர் அறுவது போன்ற அன்றாடக் கோளாறுகளுக்கு அது போதும். புயலுக்குப் போதாது. அப்போது அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஆட்களை வரவழைப்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல்தான் இதற்குப் பெரிய சாட்சி. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் டெல்டாவுக்குப் போனார்கள். கேரள மின்வாரியத்திலிருந்தும் குழுக்கள் வந்தன. அந்த ஆகஸ்டில்தான் கேரளம் வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. தங்கள் வீட்டுச் சேறு காய்வதற்குள் அடுத்த மாநிலத்தில் கம்பம் நட வந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்து எழுந்து, வயலில் இறங்கி வேலை பார்த்தார்கள். அந்தச் சீரமைப்பில் உயிரை விட்ட மின் ஊழியர்களும் உண்டு.

கரண்டு திரும்பி வருவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துணை மின்நிலையமும் அதற்கு வரும் உயர் அழுத்த லைனும் சரியாக வேண்டும். பிறகு அங்கிருந்து கிளம்பும் 11,000 வோல்ட் லைன். ஊரில் எச்.டி. லைன் என்பார்கள். அதற்குப் பிறகுதான் டிரான்ஸ்பார்மர், தெரு லைன், கடைசியாக நம் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர். ஆஸ்பத்திரியும் குடிநீர் மோட்டாரும் இருக்கிற லைனுக்கு முன்னுரிமை தருவார்கள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்து நம் வீட்டில் எரியவில்லை என்றால், அந்த வீடு வேறு டிரான்ஸ்பார்மரிலோ வேறு பேஸிலோ இருக்கும். ஆளைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மலையில் இந்த வேலை இரட்டிப்புக் கஷ்டம். காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன, மேலே மிளகுக்கொடி சுற்றியிருக்கிறது. பலத்த காற்றில் ஒரு மரம் லைன்மேல் சாய்ந்தால் இரண்டு மூன்று கம்பங்களையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சமவெளியில் கிரேனைக் கொண்டுபோய்க் கம்பத்தைத் தூக்கி நிறுத்தலாம். நாகலூர், மாரமங்கலம் பக்கத்துச் சரிவுகளில் பல இடங்களுக்கு ஜீப்பே போகாது. சிமென்ட் கம்பத்தைக் கயிறு கட்டி, பத்துப் பேருக்கு மேல் தோள் கொடுத்து, வழுக்குகிற தடத்தில் சுமக்க வேண்டும். ஒன்பது மீட்டர் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் போக வேண்டும். அடியில் பாறை தட்டினால் அந்த ஒரு குழிக்கே அரைநாள் போய்விடும். பனி மூடினால் கீழே நிற்பவருக்குக் கம்பத்தின்மேல் இருப்பவர் தெரியாது. டிசம்பர் மாதம் காபிப் பழம் பறிக்கிற காலமும்கூட. பறித்த பழத்தைத் தோல் நீக்கும் பல்பரில் போட மின்சாரம் வேண்டும் என்பதால் தோட்டக்காரர்களின் அவசரமும் நியாயமானதுதான்.

ஆனால் நம் அவசரத்தைவிட அவர்கள் உயிர் பெரிது. கம்பம் ஏறுவதற்கு முன் அவர்கள் 'எல்.சி.' எடுப்பார்கள், அதாவது லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற உத்தரவாதத்தைத் துணை மின்நிலையத்திலிருந்து வாங்குவார்கள். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, லைனை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டிய பிறகே கை வைப்பார்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஆளைக் கொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டு ஜெனரேட்டர். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை வீட்டு வயரிங்கில் நேராகக் கொடுத்தால் மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாக வெளியே போகும். டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து நம் 230 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக்கி மேலே அனுப்பும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஏறியவர் கதி என்னவாகும்? ஏற்காட்டில் விடுதிகளும் பங்களாக்களும் நிறைய. ஜெனரேட்டர் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் எலக்ட்ரீஷியனை அழைத்து இதை இன்றே சரிபார்க்க வேண்டும். நன்றி சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அறுந்து கிடக்கும் கம்பியைக் கிட்டப் போய்ப் பார்க்கவோ குச்சியால் தள்ளவோ வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அந்தப் பக்கம் போகாமல் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

மலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது வழி தெரிந்த ஆள். லைன் எந்தத் தோட்டத்துக்குள் போகிறது, எந்த கேட்டுக்கு யாரிடம் சாவி, எந்த ஓடையைத் தாண்ட முடியாது என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். மரம் அறுக்கத் தெரிந்த இரண்டு பேர் கூட நின்றால் ஒரு பகல் மிச்சமாகும். அடுத்தது குளிர். நாகப்பட்டினத்திலோ கரூரிலோ இருந்து வருகிறவருக்கு ஏற்காட்டின் மார்கழிக் குளிர் பழக்கமில்லை. நனைந்த சட்டையைக் காயவைக்க ஓர் அறை, குளிக்க வெந்நீர், கம்பளி, சூடாக ஒருவேளைச் சோறு, இவற்றை ஊரார் பேசிவைத்து முறை போட்டுக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. அன்பு மிகுந்து சிலர் சரக்கு வாங்கிக்கொடுக்கப் பார்ப்பார்கள். கம்பம் ஏறுகிறவருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கையில் ரூபாயைத் திணித்து எங்கள் தெருவுக்கு முதலில் போடுங்கள் என்று கேட்பதும் நன்றி ஆகாது. அது மேலே சொன்ன வரிசையைக் குலைக்கும்.

அமெரிக்காவில் சூறாவளிக்குப் பிறகு பல மாநிலங்களிலிருந்து மின் ஊழியர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். ஊர் மக்கள் வீட்டு வாசலில் நன்றிப் பலகை எழுதி வைப்பார்கள். நாமும் செய்யலாம். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். அவர்கள் ஊருக்குக் கிளம்புமுன் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களுடைய மேற்பார்வைப் பொறியாளருக்கு ஊர்ப் பெயரில் ஒரு கடிதம் போடுங்கள். என்றைக்கு வந்தார்கள், எந்த லைனை எடுத்துக் கொடுத்தார்கள் என்று நாலு வரி எழுதினால் போதும்.